பழக்குதலும் பழகுதலும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர்கள். ஐந்தாம் திங்களையொட்டிக் குழந்தை தலைநிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றனர். ஒன்பதாம் திங்களையொட்டிக் கைகொட்டி மகிழ்வதைச் சப்பாணி என்றனர். ஓராண்டு நிரம்பும் வேளையில் தளர்நடையிட்டு வருவதை வருகை என்றனர். செங்கீரைப் பருவத்துக் குழந்தையை 'நடந்து வா' என்று அழைப்பது அவர்தம் மரபன்று. பருவம் வந்தபின் அழைப்பதே மரபு.

நடைக்கும் மழலைக்கும் இவ்வாறு பருவம் பார்க்கும் மனித இனம், குழந்தை வளர்ப்பின் ஒரு துறையில் மட்டும் பருவம் பார்க்கத் தடுமாறியது. மலசலம் கழிப்பதை அடக்கவும், உரிய இடத்தில் கழிக்கவும் குழந்தைக்குக் கற்பிப்பதே அத்துறை. எந்த வயதில் இதனைத் தொடங்குவது? கடந்த ஒரு நூற்றாண்டில் இவ்வினாவுக்கு அறிஞர்கள் அளித்த விடைகள் இரண்டாம் மாதம் என்பதிலிருந்து இரண்டாம் ஆண்டு என்பது வரை மாறி மாறி வந்துள்ளன. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது அவையில் பேசத் தகாத பொருள் என்று சிலர் கருதக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதினேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சி முடித்து வந்த புதிதில், முதலாம் ஆண்டு வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியனாக இருந்தேன். ஒரு நாள் காலை, எழுத்துப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு மாணவன் இருக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். வகுப்பு சிரித்தது. "ஏழு வயதாகியும் இந்தப் பழக்கம் தெரியாதா?" என்று கேட்டு, ஈரக் காற்சட்டையுடன் அவனை வெளியே நிற்கவைத்தேன். அடுத்த ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் செய்தது கண்டிப்பு என்றே அன்று நம்பினேன். அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் இவ்வரலாறு எனக்குத் தெரியவந்தது.

கடிகாரத்தின் ஆட்சி

எம்மெட் ஹோல்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1894ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்புப் பற்றி வினா விடை வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். தாய்மாரும் செவிலியரும் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். நாள்தோறும் ஒரே நேரத்தில் முயன்றால், இரண்டாம் மாதத்திலேயே குழந்தையை ஒழுங்காக மலம் கழிக்கப் பழக்கிவிடலாம் என்பது அந்நூல் தந்த விடை. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்னும் மருத்துவர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கமும் பாலூட்டல், உறக்கம், கழிவு ஆகிய மூன்றையும் கடிகாரத்தின் ஆட்சிக்கு உட்படுத்தியது.

1912ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு குழந்தைகள் நலனுக்கெனத் தனிப் பணியகம் ஒன்றை அமைத்தது. அப்பணியகம் 1914ஆம் ஆண்டில் தாய்மாருக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. அதனை எழுதிய மேரி வெஸ்ட் ஐந்து குழந்தைகளின் தாய். மூன்றாம் மாதத்திலோ அதற்கு முன்னரோ பயிற்சியைத் தொடங்கலாம் என்று எழுதிய அவர், அதனை மிக மென்மையாகச் செய்யவேண்டும், அதட்டலும் தண்டனையும் குழந்தையை அச்சுறுத்தவே செய்யும் என்றும் எழுதினார். அனுபவம் பேசிய சொற்கள் அவை. ஆயினும் பின்வந்த பதிப்புகளில் அம்மென்மை குறைந்து கடுமை கூடியது. 1930களின் தொடக்கத்தில் வந்த பதிப்பு, குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே தொடங்கி, ஆறு முதல் எட்டு மாதத்திற்குள் மலப் பயிற்சியை முடித்துவிடலாம் என்று கூறும் அளவுக்குச் சென்றது.

இவ்வளவு அவசரம் ஏன்? அக்காலத்துத் தாய் அணையாடைகளைக் கையால் துவைத்து, நீரைக் கொதிக்கவைத்து அலசி, உலர்த்த வேண்டியிருந்தது. வயிற்றுப்போக்கு நோயால் குழந்தைகள் இறந்த காலம் அது. தூய்மை என்பது உயிர் காக்கும் கவசமாகத் தோன்றியது. மலச்சிக்கல் உடலில் நஞ்சைப் பரப்பும் என்ற அச்சமும் மருத்துவரிடையே நிலவியது. இவற்றோடு நடத்தைக் கொள்கையும் சேர்ந்துகொண்டது. ஜான் வாட்சன் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், தக்க பயிற்சியால் குழந்தையை வேண்டியவாறு வார்த்தெடுக்கலாம் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. மிகுந்த அன்பு காட்டுவதுகூடத் தீங்கு என்று அவர் எச்சரித்தார். இக்காரணங்களுள் துவைக்கும் கையின் களைப்பு இருந்தது. நோயின் அச்சம் இருந்தது. கொள்கையின் செருக்கும் இருந்தது. குழந்தையின் உடல் அதற்கு ஆயத்தமா என்ற வினா மட்டும் இல்லை.

இரட்டையர் உணர்த்திய உண்மை

அவ்வினாவை எழுப்பியவர்கள் குழந்தையின் முன் அமர்ந்து குறிப்பெடுத்த ஆய்வாளர்கள். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் தார்ண்டைக்கின் மூன்று விதிகளை அறிவர். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறோம். ஆயத்தம் இல்லாதவிடத்துப் பயிற்சி எரிச்சலையே விளைவிக்கும் என்பது முதல் விதியின் சாரம்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு கெசல், தம் உடன் ஆய்வாளர் தாம்ப்சனுடன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. ஒத்த இரட்டையருள் ஒரு குழந்தைக்கு 46ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பயிற்சி அளித்தனர். மற்றக் குழந்தைக்கு 53ஆம் வாரத்தில்தான் தொடங்கினர். இரண்டே வாரத்தில் அது முன்னதை எட்டிப்பிடித்தது. முந்திப் பெற்ற பயிற்சி நிலையான முந்துதலைத் தரவில்லை.

படியேறுதலுக்குப் பொருந்துவது மலசலப் பழக்கத்திற்கும் பொருந்துமா? மெர்டில் மெக்ரா என்னும் பெண் ஆய்வாளர் இதனையே சோதித்தார். ஒத்த இரட்டையருள் ஒருவரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பகலில் மணிக்கொரு முறை சிறு சட்டியில் அமர்த்திவந்தார். மற்றவருக்குப் பல மாதங்கள் கழித்தே பயிற்சி தொடங்கியது. 1940ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. முந்தித் தொடங்கிய குழந்தை மாதக்கணக்கில் நிலையான முன்னேற்றம் காட்டவில்லை. பிந்தித் தொடங்கிய குழந்தையோ தொடங்கிய சின்னாட்களில் உடன்பிறப்பின் நிலையை அடைந்தது.

காரணம் உடலமைப்பில் உள்ளது. பச்சிளங்குழந்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியதும் தானே சுருங்கி வெளியேற்றுகிறது. அது முதுகுத் தண்டுவழி நிகழும் அனிச்சைச் செயலை ஒத்தது. 'நிரம்பிவிட்டது' என்று உணர்ந்து, 'சற்றே பொறு' என்று ஆணையிடும் ஆற்றல் மூளைக்கு வளர்ச்சியின் போக்கில்தான் வாய்க்கிறது. சிறுநீர்ப்பையின் கொள்ளளவும் ஆண்டுதோறும் பெருகுகிறது. இவை கூடிவரும் முன்னர் அடக்கு என்று கட்டளையிடுவது, எழுதுகோலைப் பற்ற இயலாத விரல்களிடம் அழகிய கையெழுத்தை எதிர்பார்ப்பது போன்றதாகும்.

கடுமையின் விளைவு

இதற்கிடையில் உளவியலாளரிடமிருந்தும் ஓர் எச்சரிக்கை எழுந்தது. சிக்மண்ட் ஃபிராய்டு 1908ஆம் ஆண்டிலேயே, இப்பருவத்து அனுபவங்களுக்கும் பிற்காலத்துப் பிடிவாதம், கருமித்தனம், மிகையொழுங்கு ஆகியவற்றுக்கும் தொடர்பு கற்பித்து எழுதியிருந்தார். அக்கருத்தை இன்று முழுமையாக ஏற்பார் குறைவு. ஆயினும் சட்டியில் அமர்ந்த குழந்தைக்கும் உள்ளம் உண்டு என்பதை அது நினைவூட்டியது. உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், கட்டாயப்படுத்தாதீர்கள், உங்கள் குழந்தையை நம்புங்கள் என்னும் கருத்தைத் தாய்மாரிடம் எடுத்துரைத்தார். அரசுக் கையேடும் 1940களில் தன் கடுமையைத் தளர்த்திக்கொண்டது.

அறிவுரை மாறினாலும் வீடுகள் உடனே மாறிவிடவில்லை. சியர்ஸ், மக்கோபி, லெவின் ஆகிய மூவர் பாஸ்டன் நகரையடுத்த பகுதிகளில் 379 தாய்மாரைக் கண்டு பேசி, 1957ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அத்தாய்மார் சராசரியாகப் பதினோராம் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கியிருந்தனர். பதினெட்டாம் மாத அளவில் முடித்திருந்தனர். அவ்வாய்வில் கண்ட முதன்மையான உண்மை மற்றொன்று. கடுமையாகப் பயிற்றுவிக்கப்பட்ட குழந்தைகளிடத்தில் மனக்கலக்கம் மிகுதியாகக் காணப்பட்டது. அதிலும் தாயின் அன்பு குன்றிய வீடுகளிலேயே அது கூடுதலாக வெளிப்பட்டது.

குழந்தையே காட்டும் காலம்

இவ்வரலாற்றில் திருப்புமுனை 1962ஆம் ஆண்டு எனலாம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், தம்மிடம் பத்தாண்டுகளில் வந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பதினெட்டு மாதம் ஆகும்வரை தொடங்கவேண்டா என்றும், அதன் பின்னரும் குழந்தை ஆயத்தக் குறிகளைக் காட்டும்வரை பொறுத்திருங்கள் என்றும் அவர் பெற்றோருக்கு அறிவுறுத்தியிருந்தார். முதலில் உடையோடு சட்டியில் அமரவிடுதல், பழகியபின் அணையாடையைக் களைந்து அமர்த்துதல், பிறகு குழந்தை தானே நாடிச் செல்ல விடுதல் என்று அவர் முறை படிப்படியாகச் செல்லும். குழந்தை மறுத்தால் நிறுத்திவிட வேண்டும். அக்குழந்தைகள் சராசரியாக 28.5 மாதத்தில் பகற்கட்டுப்பாட்டை அடைந்தனர்.

இதற்கு எதிர்முனையில் விரைவு முறை ஒன்றும் தோன்றியது. நேதன் அஸ்ரின், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்னும் உளவியலாளர் இருவர், ஒரு நாளுக்குள் பயிற்சியை முடிக்கலாம் என்று 1974ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். சிறுநீர் கழிப்பதுபோல் அமைந்த பொம்மை, நிறையப் பருகுநீர், உடனுக்குடன் பாராட்டு ஆகியவை அம்முறையின் கூறுகள். முந்தைய ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 34 குழந்தைகள் சராசரியாக நான்கு மணி நேரத்தில் பழகினர். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்குழந்தைகள் அனைவரும் இருபது மாதத்தைக் கடந்தவர்கள். விரைவு முறையும் ஆயத்தத்தின் மீதே நின்றது.

பின்னர் வந்த ஆய்வுகளும் இதனையே வலியுறுத்தின. சுவிட்சர்லாந்தின் சூரிச்சு நகரில், 1950களில் பிறந்த குழந்தைகளையும் ஒரு தலைமுறை கழித்துப் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்னவருள் மிகப் பெரும்பாலோர்க்கு முதல் ஆண்டிலேயே பயிற்சி தொடங்கியிருந்தது. பின்னவர்க்கு மிகவும் தாமதமாகவே தொடங்கியது. ஆயினும் இரு தலைமுறையினரும் கட்டுப்பாட்டை அடைந்த வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 27 மாதத்திற்கு முன் தீவிரப் பயிற்சியைத் தொடங்குவதால் பயிற்சிக் காலம் நீளுகிறதேயன்றி விரைவில் நிறைவு எய்துவதில்லை என்று கண்டது.

பாட்டியின் கால்களும் ஆயாக்கொட்டகையும்

இங்கு ஒரு தடை எழலாம். "நம் பாட்டிமார் சில மாதக் குழந்தையையே பழக்கிவிட்டார்களே? அவர்கள் செய்தது தவறா?" என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான்.

கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் டிகோ மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 1977ஆம் ஆண்டில் வெளியாயிற்று. டிகோ தாய் கால்களை நீட்டித் தரையில் அமர்ந்து, பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கால்களுக்கிடையில் தாங்கி, ஒரு குறிப்பொலி எழுப்புவாள். நாளடைவில் அவ்வொலி கேட்டதும் குழந்தை சிறுநீர் கழிக்கும். ஐந்து, ஆறு மாதத்திற்குள் ஈரம் பெரிதும் நின்றுவிடும். தவறினாலும் குழந்தையைக் கடிவதில்லை. இதனைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. கால்களை நீட்டி, பாதங்களின்மேல் குழந்தையை இருத்தி, 'ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பும் அதே காட்சிதான்.

இம்முறையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குழந்தையின் முகச்சுளிப்பையும் நெளிவையும் படிக்கக் கற்றுக்கொண்டவள் தாயே. குழந்தை இன்னும் தன்னைத்தான் அடக்கவில்லை. தாய்தான் குழந்தையின் குறிப்புக்குப் பழகியிருக்கிறாள். தமிழ்மொழி இவ்வேறுபாட்டை ஓர் எழுத்தில் காட்டுகிறது. பழக்குதல் பிறவினை, பழகுதல் தன்வினை. தாய் பழக்குவதைப் பிறந்த நாளிலிருந்து தொடங்கலாம். ஆனால் குழந்தை தானே பழகுவது பருவம் வந்தபின்னரே நிகழும். ஹோல்ட்டும் வாட்சனும் பிழைத்தது இவ்விடத்தில்தான். பாட்டி குழந்தையைக் கவனித்தாள். அவர்கள் கடிகாரத்தைக் கவனித்தனர்.

பாட்டியின் முறைக்கு ஒரு விலையும் உண்டு. நாள் முழுதும் குழந்தையோடு ஒருவர் இருந்தாக வேண்டும். நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தாய்மார் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்றுவிடுவர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் கிடப்பர். அத்தனை குழந்தைகளின் முகக்குறிப்பையும் ஓர் ஆயா எவ்வாறு படிப்பார்? அங்கு அரைஞாண் கயிறு மட்டுமே அணிந்த குழந்தைகள் தவழ்ந்து திரிந்தனர். தரை மண்தரை, நீரூற்றினால் தூய்மையாயிற்று. மூத்த குழந்தைகளைப் பார்த்து இளையவை தாமே பழகின. யாரும் நாளெண்ணவில்லை.

இன்று பல குடும்பங்கள் அடுக்ககங்களில் வாழ்கின்றன. தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்கின்றனர். அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டில் அறிமுகமான பேம்பர்ஸ் போன்ற, ஒருமுறை அணிந்து எறியும் அணையாடைகள் நம் கடைகளிலும் நிறைந்துள்ளன. அணையாடை தாயின் துவைக்கும் உழைப்பைப் போக்கியது, அவசரத்தையும் போக்கியது. ஆனால் ஈரத்தைக் குழந்தை உணராதவாறு செய்து, பருவம் வந்த குறியையும் ஓரளவு மறைத்துவிட்டது. பின்னர் ஒருநாள், அணையாடையின்றி வரவேண்டும் என்று பாலர் பள்ளி கேட்கும். அன்றுதான் பெற்றோர் பதறுகின்றனர். விடுமுறை இரண்டு வாரத்திற்குள் முடிக்கவேண்டுமென்று குழந்தையை அதட்டுகின்றனர். கடிகாரத்தின் இடத்தில் இன்று பள்ளி நாட்காட்டி அமர்ந்துள்ளது.

ஆயத்தத்தின் அடையாளங்கள்

எனவே எப்போது தொடங்குவது? குழந்தை பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஈரமின்றி இருக்கத் தொடங்குதல். நடந்து சென்று தானே அமர்ந்து எழ வல்லதாதல். காற்சட்டையை இறக்க முயலுதல். சிறு ஏவல்களைப் புரிந்து செய்தல். மலம் வரும்போது மூலையிலோ கதவின் பின்னோ ஒதுங்குதல். நனைந்ததைச் சொல்லிக் காட்டுதல். பெரியவர் கழிவறைக்குச் செல்வதை ஆர்வத்துடன் பார்த்தல். இவற்றுள் பல கூடிவருங்கால் தொடங்கலாம். பெரும்பாலான குழந்தைகளிடத்தில் இவை ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தோன்றுகின்றன. வீடு மாறும்போதும், தம்பி தங்கை பிறக்கும்போதும், நோயுற்றிருக்கும்போதும் தொடங்காதிருப்பது நன்று.

இரவுக் கட்டுப்பாடு பகலினும் தாமதமாக வரும். ஐந்து வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் உறக்கத்தில் படுக்கையை நனைப்பர். அது சோம்பலன்று, குறும்பும் அன்று. பகலில் பழகிய குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, மலத்தை அடக்கி வலியால் அழுதாலோ, நான்கு வயதாகியும் முன்னேற்றம் இல்லையாயினோ மருத்துவரை நாடவேண்டும். பல வேளைகளில் மலச்சிக்கலே மறைந்திருக்கும் காரணமாகும். எந்நிலையிலும் பிரம்புக்கு இங்கு இடமில்லை.

நன்னூல் செய்த பவணந்தியார், மாணவன் கொள்ளும் திறத்தை அறிந்து ஆசிரியன் பாடம் சொல்லவேண்டும் என்று இலக்கணம் வகுத்தார். அதனை எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டுமே உரியதாகக் கொண்டோம். குழந்தை உலகில் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்றான இதற்கும் அஃது உரியதே. முதற் பாடத்தை அச்சத்தோடு கற்ற குழந்தை, பிற பாடங்களையும் அச்சத்தோடே எதிர்கொள்ளக்கூடும்.

நான் வெளியே நிற்கவைத்த மாணவனைப் பற்றிப் பின்னர் அவன் தாயார் சொன்னார். அவனுக்குப் பழக்கம் தெரியாமலில்லை. வீட்டில் மூன்று வயதிலேயே நன்றாகப் பழகியவன். பள்ளிக் கழிவறையின் இருட்டுக்கு அஞ்சினான். எழுந்து நின்று என்னிடம் அனுமதி கேட்க அதைவிட அதிகமாக அஞ்சினான். காலை முழுதும் அடக்கி, முடியாமற்போனபோது நனைத்துவிட்டான். அவ்வாண்டு இறுதியில் அக்குடும்பம் வேறூருக்குப் பெயர்ந்தது. அவனிடம் வருத்தம் தெரிவிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

இன்று நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றும் பள்ளியில், முதலாம் ஆண்டு வகுப்புக் கதவருகே கயிறு கட்டிய மரத்துண்டு ஒன்று தொங்குகிறது. கழிவறைக்குச் செல்லும் மாணவன் அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்லலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கழிவறையில் விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் காலையில் நானே சென்று பார்த்து வருகிறேன்.